ஒரே சாயலில் இரண்டு ஆர்க்கிட்

மடிக்கேரி
ஜூன், 1956

அன்பு ஜுனைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும், நான் இன்னும் பார்க்காத நம் இரட்டைப் பெண்களையும் அல்லாஹ் நலமாக வைத்திருப்பானாக. மழை ஓயாததைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இருவரையும் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல், மூத்தவள் கையில் கறுப்புக் கயிறு கட்டியதாக எழுதியிருந்தாய். செடிகளை ஆராயும் துரை எனக்குச் சம்பளம் தருவதும் அதே வேலைக்குத்தான். மரத்தில் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிட் இரண்டு. இலையையும் வேரையும் பார்த்தால் ஒன்றேபோல் இருக்கும். பூத்தால்தான் தெரியும். ஒன்றுக்குப் பெரிய பூ, சுருக்கம் வைத்துத் தைத்தது போன்ற உதட்டு இதழ், நல்ல மணம். மற்றதற்குச் சின்னப் பூ.

போன வாரம் பூவை நெருங்கிப் பார்க்க ஏறியபோது பாசி வழுக்கிவிட்டது. ஒரு கிளையில் சற்று நேரம் தங்க நேர்ந்தது. என்னோடு வேலை பார்க்கும் முதுகுளத்தூர் சோணைமுத்து கீழே நின்று, "ஏலே சீனி, செடியப் பாக்கப் போனியா, செடியாவே ஒட்டிக்கிறப் போனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணி கொண்டுவந்தான். ஒரு கணுக்காலில் சிறிது வீக்கம். மற்ற கால் பூரண நலம்.

பூதக்கண்ணாடி துடைக்க இங்கே மெல்லிய துணி கிடைப்பதில்லை. பிள்ளைகளின் பழைய சட்டை ஆளுக்கொன்று அனுப்பிவை. துவைக்க வேண்டாம், உனக்கு எதற்குச் சிரமம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைத்துவிட்டது. கயிற்றைப் பாராமலே அவர்களை நான் பிரித்தறிந்துவிடுவேன். ஆனால் பஸ்ஸிலிருந்து தகரப்பெட்டியோடு இறங்குகிறவர்களில் வாப்பா யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பெயரை நீ சொல்லமாட்டாய். 'வாப்பா' என்றாவது அவர்கள் காதில் தினமும் சொல்லிவை.

தபால் பையைக் கட்டுகிறார்கள்.

சீனி முகம்மது