எல்லம்மாவின் பில்லை

ஆண்டர்சன்பேட்டை
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாக்யாவுக்கு,

நானும் அம்மாவும் கடையும் ஒருவாறு நலம். வேலூர் வெயிலில் நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரில் இணையப் பத்திரிகை நடத்துகிறாளே மமதா, அவளுடைய கூட்டுக் கதை தொடங்கிவிட்டது. ஒரே கப்பல், பல பேர் எழுதுவது. நீ இங்கே இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுத்தோம். கப்பலில் வேலை செய்கிறவர்களைப் படைப்பது நம் பங்கு. நாம் பிரிந்திருப்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கடலே இல்லாத தங்கவயலில் கப்பலுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். மூடிய சுரங்கத்தில்தான் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறதே, நம் பகுதியில் கப்பல் அதில் ஓடட்டும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். என் முதல் ஆள் சமையல்காரர் கோவிந்தன். அவர் எதைச் சமைத்தாலும் சாப்பிடுகிறவருக்குத் தன் வீட்டு ருசிதான் தெரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் அழுவார்கள். அடுத்தவர் ஃப்ரெடி, கேஜை ஏற்றி இறக்கும் என்ஜின்காரர். அவருடைய நிழல் அவருக்கு முன்னால் போய் வேலையைத் தொடங்கிவிடும்.

உன் ஆட்களை அனுப்பு. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
விவேக்

சத்துவாச்சாரி, வேலூர்
12 ஆகஸ்ட் 2024

விவேக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியல் எனக்கு. பிள்ளைகள் வால்கள், ஆனால் பொழுது போகிறது.

பெயர் கொடுத்தது கொடுத்ததுதான். மமதாவைத் தவிக்கவிட வேண்டாம், எழுதித் தருகிறேன். ஊருக்கு அடியில் ஓடும் கப்பல் பிடித்திருக்கிறது. கோவிந்தனையும் பிடித்திருக்கிறது. ஃப்ரெடி உங்களைப் போல இருக்கிறார், யாரும் கேட்பதற்கு முன்னால் செய்து முடிக்கிறவர்.

என் ஆள் ஒருத்திதான். பெயர் எல்லம்மா. பாறையில் காதை வைத்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்வாள். அவள் சொன்ன பிறகுதான் கப்பல் திரும்பும். மற்றபடி அதிகம் பேசமாட்டாள். பேசத் தெரியாதவள் இல்லை.

ஒரு நிபந்தனை. உங்கள் ஆட்களை நான் தொடமாட்டேன், என் ஆளை நீங்கள் தொடக் கூடாது. அவளுக்குக் கல்யாணம் வேண்டாம். அவளிடம் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும். இந்தப் பள்ளியில் போன வருஷமே என்னைக் கூப்பிட்டார்கள். ‘அவளுக்கு இஷ்டமில்லை’ என்று போனில் சொன்னது நீங்கள். சண்டைக்காக இதை எழுதவில்லை, எல்லம்மாவுக்காக எழுதுகிறேன்.

இன்னொன்று. சுரங்க வழக்கப்படி கப்பலுக்கும் பில்லை இருக்கட்டும். இறங்குகிறவர் பலகை ஆணியிலிருந்து தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் மாட்டுவார். அத்தை முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறார்களா?

பாக்யலட்சுமி

ஆண்டர்சன்பேட்டை
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாக்யாவுக்கு,

தைலம் தேய்க்கிறாள், தேய்த்துக்கொண்டே உன்னைத் திட்டுகிறாள், பிறகு உன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறாள்.

எல்லம்மா அருமை. பில்லையும் அருமை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்கெட்டும் பாத்திரமும் விற்ற குடும்பம், சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அதெல்லாம் உன் அப்பா தசரதன் மாமாவின் உலகம். ஆனாலும் உன் பில்லையை வைத்து ஒரு காட்சி எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, நிபந்தனையை நான் மீறவில்லை, ஃப்ரெடிதான் மீறினார்.

ஷிப்ட் முடிகிறது. எல்லோரும் மேலே போகிறார்கள். எல்லம்மா கப்பலின் மூலையில் அசந்து தூங்குகிறாள். பில்லை மாட்டவில்லை என்று யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று ஃப்ரெடி அவள் பையிலிருந்து பில்லையை மெதுவாக எடுத்துப் போய் அவரே மாட்டுகிறார். பாவம், தூங்கட்டும். அவளுக்குத் தெரியாமல் ஒருவர் அவள்மேல் வைத்திருக்கும் அன்பு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

கடைக்கு வருகிறவர்கள் உன்னைக் கேட்கிறார்கள். ட்ரெய்னிங் போயிருக்கிறாள், ஆயுத பூஜைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடு பாக்யா. நீ வந்தால் நான் சொன்னது பொய்யாகாது.

உன்,
விவேக்

சத்துவாச்சாரி
2 செப்டம்பர் 2024

விவேக் அவர்களுக்கு,

காட்சியைப் படித்தேன். அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை.

ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கேஜ் காத்திருக்கும், தேடி ஆள் இறங்கும். பலகை நிறைந்துவிட்டால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ஒருநாள் விளையாட்டாகப் பக்கத்து வீட்டுக்காரர் பில்லையைக் கையில் எடுத்தேன். “அடுத்தவன் பில்லைய தொடாத. நீ மாட்டிட்டா அவன உள்ளவே உட்டுட்டு வந்த மாதிரி” என்று கத்தினார். உங்கள் ஃப்ரெடி எல்லம்மாவைத் தூங்கவிடவில்லை. தண்ணீருக்கு நடுவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எதிர்வீட்டு ஃப்ளோரா அக்கா எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்று இத்தனை நாளும் வருத்தப்பட்டேன். ட்ரெய்னிங்கில் இருக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? ஊர்ப் பலகையில் என் பில்லையை நீங்கள் மாட்டிவிட்டீர்கள் விவேக். இங்கே காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது ஒருவர்கூட என்னைத் தேடவில்லை.

ஆயுத பூஜைக்கு வரமாட்டேன்.

பாக்யலட்சுமி

ஆண்டர்சன்பேட்டை
13 அக்டோபர் 2024

பாக்யாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் பதில் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்குக் கடை நிறைய ஆட்கள். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஃப்ளோரா அக்காவும் வந்தார்கள். “இன்னாப்பா, பாக்யா வர்றான்னு சொன்னியே, எங்க?” என்றார்கள்.

“ட்ரெய்னிங்லாம் இல்லக்கா. எங்கிட்டருந்து போய்ட்டா. வேலூர்ல வேல பாக்குறா. வருவாளான்னு எனக்குத் தெரியாது.”

அம்மா பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னாத்துக்குடா நாலு பேர் முன்னாடி” என்று உள்ளே போய்விட்டாள். ஃப்ளோரா அக்கா உன் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள்.

காட்சியை மாற்றிவிட்டேன். ஆணி காலியாக இருக்கிறது. ஃப்ரெடி கேஜை விடாமல், விசையில் கையை வைத்தபடி நிற்கிறார். நிழலைக்கூட முன்னால் அனுப்பவில்லை. எல்லம்மாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் என்ன ஆனாள் என்று நீதான் எழுத வேண்டும்.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இது என் பதில் மட்டும்.

விவேக்

சத்துவாச்சாரி
3 நவம்பர் 2024

அன்புள்ள விவேக்,

ஃப்ளோரா அக்கா போன் செய்தார்கள். முதலில் அழுதோம், பிறகு உங்கள் அம்மாவின் தைலத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தே விட்டார்கள். நீங்கள் கடையில் சொன்னது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றி.

கடைசிப் பகுதியை எழுதி அனுப்பியிருக்கிறேன். எல்லம்மா விழித்துக்கொள்கிறாள். கப்பலில் யாரும் இல்லை. பாறையில் காதை வைத்துக் கேட்கிறாள். சுரங்கங்கள் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்தவை, இங்கே இறங்கி அங்கே ஏறியவர்கள் உண்டு என்று அப்பா சொல்வார். அவள் கேட்டுக் கேட்டு நடந்து, பக்கத்துப் பாலகாட் சுரங்கத்தின் வழியாக மேலே ஏறிவிடுகிறாள். வழியில் கோவிந்தனின் சாப்பாட்டை நினைத்துக் கொஞ்சம் அழுதாள், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது, பசிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். பில்லையை அங்கேயே கொடுத்துவிட்டாள், தன் கையால்.

மமதாவுக்கு இரண்டு பேர் பெயரும் போட்டு அனுப்புங்கள். அத்தையிடம் என் தட்டைப் பரணில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வேறு இடத்தில் ஏறினவர்களைப் பற்றி அங்கிருந்து சொல்லி அனுப்புவது வழக்கம். அதற்குத்தான் இந்தக் கடிதம். உள்ளே யாரும் இல்லை. ஃப்ரெடி கேஜை விடலாம்.

அன்புடன்,
பாக்யா