கருணைக் காலத்து ப்ளூபெர்ரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தோட்டத்துக்குப் போய்க் கிளை வெட்டினேன். ப்ளூபெர்ரிச் செடியில் பட்டை உரிந்து சாம்பல் பூத்து நிற்கும் கிழட்டுக் கிளைகளை அடியோடு எடுத்துவிட வேண்டும். போன வருடம் வளர்ந்த இளங்கிளையில்தான் நல்ல பழம் வரும். கிழடுகளுக்கு இடமில்லை என்ற சட்டத்தை எழுபத்தாறு வயதில் நானே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. நிறைவேற்றினேன்.

நுனியில் உருண்டு தடித்திருப்பவை பூமொட்டு. கீழே ஒல்லியாய், கூராய் இருப்பவை இலைமொட்டு. இந்த முறை எல்லா நுனியிலும் உருண்டை!

திரும்பும்போது தோட்டச் சங்கத்தின் செயலாளர் வாசலில் பிடித்துக்கொண்டார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் மாட்டிய அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேதான் பேசுவார். எல்லாருக்கும் அவர் ‘டேப்’.

“என்ன மேடம், இந்த வருஷமாவது ஏதாவது உண்டா? ஜூலை முதல் சனிக்கிழமை கமிட்டி பாக்கும். உங்க கருணைக் காலம் அதோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்.”

சங்கத்து விதி அப்படி. உறுப்பினர் இறந்துபோனால் அவருடைய துண்டு நிலத்தை மனைவி மூன்று பருவத்துக்குக் ‘கருணை அடிப்படையில்’ வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒழுங்கான அறுவடை காட்டினால் முழு உறுப்பினர். இல்லாவிட்டால் நிலம் காத்திருப்பவருக்கு. வரிசையில் முதலில் காத்திருப்பவர் டேப்பின் மச்சினர்.

கருணையாம். எனக்கா? யாரிடம் கேட்டேன்?

மார்ச் 9

மகன் சாப்பிடும்போது ஆரம்பித்தான். “விட்டுடும்மா. ப்ளூபெர்ரி கடையில டப்பா டப்பாவா கிடைக்குது. இதுக்காக குளிர்ல போய்க் குனிஞ்சு நிமிரணுமா?”

பாட்டுக்கூடத்தான் கடையில் கிடைக்கிறது, அதற்காக யாராவது பாடாமல் இருக்கிறார்களா என்று கேட்டேன். மருமகள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பருவம் வெறுங்கையோடுதான் வந்தேன். முதல் வருடம், வளர்ந்த செடிகளாகவே வாங்கி நட்டு, வேர் பிடிக்கட்டும் என்று பூக்களையெல்லாம் நானே கிள்ளி எறிந்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும். டேப் அதைப் பார்த்துவிட்டு, “காய்க்கறதுக்கு முன்னாடியே அறுவடையா?” என்றார். இரண்டாம் வருடம் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளாகப் போயிற்று. மண்ணைப் பரிசோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோசு வளர்ப்பதற்காக என் வீட்டுக்காரர் வருடம் தவறாமல் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். கோசுக்கு அது அமிர்தம். ப்ளூபெர்ரிக்கு அமிலமுள்ள புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது.

ஏன் சாமி, கல்யாணமான நாளிலிருந்து ஊர்க்கதையெல்லாம் சொன்னீர்களே, இந்தச் சுண்ணாம்புக் கதையை ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?

பழைய மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, பைன் மரப்பட்டையும் மக்கிய ஊசியிலையும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டேன். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு என்பதால் மழைநீர் மட்டும். அப்புறம்தான் இலை பச்சைக்குத் திரும்பியது.

ஏப்ரல் 8

பூத்துவிட்டது. தலைகீழாகத் தொங்கும் சின்ன வெள்ளை மணிகள். அழகு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அழகுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

மழை. நேற்றும் மழை, முந்தாநாளும் மழை, நடுநடுவே குளிர்காற்று. ஒரு தேனீ கிடையாது, ஒரு வண்டு கிடையாது. பூ இப்படியே வாடி விழுந்தால் காய் ஏது? காய் இல்லையென்றால் நிலம் ஏது?

பக்கத்துத் துண்டு பல் டாக்டருடையது. மழைக்கோட்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “காத்துலயே மகரந்தம் பரவாதாம்மா?”

“பரவாதும்மா. வண்டு பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை அதிர வைக்கணும். உப்பு டப்பாவை ஆட்டினா கொட்டற மாதிரி அப்பத்தான் மகரந்தம் கொட்டும்.”

“அதிரணும், அவ்வளவுதானே?” என்றாள். அவள் கண்ணில் ஏதோ மின்னியது.

ஏப்ரல் 19, சனி

மழை விட்டது. பல் டாக்டர் புத்தம்புது மின்சாரப் பல்துலக்கி ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். “நோயாளிக்குக் குடுக்க வெச்சிருந்தேன். அவங்களை விட உங்க பூ ஒழுங்கா வாயைத் திறக்கும்.”

பொத்தானை அழுத்தினால் வண்டு மாதிரியே ரீங்காரம். பூவின் முதுகில் மெல்ல வைத்தேன். தேநீர்க் கரண்டியைக் கீழே பிடித்தேன். மஞ்சள் பொடி மாவு போல உதிர்ந்தது! என் இரண்டு செடியும் வேறு வேறு ரகம். முன்னே பூக்கும் ரகத்தின் பொடியை எடுத்துப் பின்னே பூக்கும் ரகத்தின் பூவில் தூரிகையால் தொட்டு வைத்தேன். அதனுடையதை இதற்கு. இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பூ ஒரே நேரத்தில் விரிந்திருந்தால் பழம் பெரிதாகவும் நிறையவும் வரும். ஒன்றை மட்டும் வாங்கி நட்டவர்கள்தான் இது காய்க்காத செடி என்று புலம்புகிறார்கள்.

டேப் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். “பூவுக்குப் பல் விளக்கி விடறீங்களா மேடம்?”

“ஆமா சார். சும்மா நின்னு சிரிக்கிறவங்களுக்கும் விளக்கி விடறேன். கிட்ட வாங்க.”

வரவில்லை.

மே 6

வெள்ளை மணிகள் உதிர்ந்து, அடியில் பச்சை மணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் குட்டிக் கிரீடம். கொத்துக் கொத்தாக! இனிப் பறவைகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். வலைக்குச் சொல்லிவிட்டேன்.

மே 22

சர்க்கரைப் பரிசோதனைக்கு டாக்டரிடம் போனேன். மருமகள் காரோட்டிக்கொண்டே, ப்ளூபெர்ரி தின்றால் கண் பிரகாசிக்கும், ஞாபகசக்தி பெருகும், நூறு வயது வாழலாம் என்றெல்லாம் எங்கேயோ படித்ததை ஒப்பித்தாள். டாக்டரிடமும் கேட்டுவிட்டாள்.

“நல்ல பழம்தான்,” என்றார். “நார்ச்சத்து இருக்கு, வைட்டமின் சி இருக்கு. அந்த நீல நிறச்சத்து ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு சொல்றாங்க. மூளைக்கும் நல்லதான்னு ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு. தினம் ஒரு கைப்பிடி தாராளமா சாப்பிடலாம். அதுக்காக மாத்திரையை நிறுத்தினீங்கன்னா வீட்டுக்கே வந்து திட்டுவேன்.”

எனக்குப் பிடித்த பதில். மருந்து என்று சொல்லி எதையும் யார் தலையிலும் கட்டக் கூடாது. பழம் பழமாக இருந்தால் போதாதா? அதைவிட, தோட்டத்துக்கு நடந்துபோய் வந்ததில் முழங்கால் முன்போல் முனகுவதில்லை. அதை யாரும் படித்துச் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒரே கொத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் மூன்றும் இருக்கின்றன. மருமகள் வலைக்குள் கையை விடப் பார்த்தாள்.

“நீலமாயிடுச்சே அத்தை!”

“நீலமானா பழுத்தாச்சுன்னு யாரு சொன்னது? காம்பு ஓரத்தைப் பாரு. சிவப்பு வளையம் இருக்கா? அது போற வரைக்கும் தொடாதே. பறிச்சதுக்கு அப்புறம் இது இனிக்காது.”

“உங்க பொறுமை எனக்கு வராது அத்தை.”

பொறுமையா? பயம். ஒவ்வொரு இரவும் வலை கிழிந்ததாகக் கனவு.

ஜூலை 4, வெள்ளி

நாளை கமிட்டி. பழுத்ததையெல்லாம் பறித்தேன். பீங்கான் கிண்ணம் நிறைந்துவிட்டது! ஆனால் பழமெல்லாம் தூசி படிந்ததுபோல் மங்கலாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, துவைத்த கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எங்கள் ஷூவில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரியாவிட்டால் மறுபடி துடைக்க வேண்டும். இப்போது கிண்ணத்தில் சிஸ்டரின் முகமே தெரியும். கறுகறுவென்று மின்னுகிறது. இனி யார் கருணை என்கிறார்கள் பார்ப்போம்.

ஜூலை 5, சனி

உட்கார முடியவில்லை. எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

சங்கக் கொட்டகையில் நீள மேசை. காரட், கீரை, பட்டாணி எல்லாம் மண்ணோடு வந்திருந்தன. நடுவில் என் கிண்ணம். தலைவர் மருந்துக்கடைக்காரர், பேச்சைக்கூட அளந்து கொடுப்பவர். ஒன்றை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே திருப்பினார்.

டேப் சொன்னார். “இது கடைப்பழம் சார்.”

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எங்க வீட்டுல வாங்கறோமே, கடை டப்பால பல கை பட்டு இப்படித்தான் மினுமினுங்கும். செடியிலேர்ந்து பறிச்சா வெள்ளையா மாவு படிஞ்சிருக்கும். இதுல ஒரு பொட்டு மாவு இல்ல. மேடத்தைத் தப்பா சொல்லல... வயசாயிடுச்சு, ஆசை, ஏதோ—”

என்னைத் திருடி என்கிறான். பூச்சி பொறுக்கவும் வலை கட்டவும் முட்டி தேய உழைச்சவளைப் பாத்து, ஏதோ ஆசைன்னு சொல்றான். நாக்கு எழவில்லை எனக்கு. எனக்கு!

அதற்குள் பல் டாக்டர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அய்யோ அம்மா, துடைச்சீங்களா? அது தூசி இல்லம்மா! பழம் வாடாம இருக்கறதுக்கு அதுவே பூசிக்கற மெழுகு! அதைப் போய் வழிச்சுப் போட்டிருக்கீங்களே!”

மண்ணின் புளிப்பை அளந்து பார்த்த எனக்கு இது தெரியவில்லை. எவ்வளவு சுத்தம்! சுத்தத்தால் கெட்டேன்.

எழுந்து நின்றேன். “ஆமாம், துடைச்சேன். தப்பு என்னோடதுதான். துடைச்சது மட்டும்தான் தப்பு. எல்லாரும் என்கூட வாங்க.”

வந்தார்கள். வலையை விலக்கியதும் டேப் கைக்குக் கிடைத்த நீலப் பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். “பாருங்க, புளி! இது பழுக்கவே இல்ல. அப்ப கிண்ணத்துல இருக்கறது எங்கேர்ந்து வந்தது?”

“நீங்க பிடுங்கினீங்க சார். பழுத்ததைப் பிடுங்க வேண்டியதில்ல.”

ஒரு கொத்தின் அடியில் உள்ளங்கையைக் குவித்து, கட்டைவிரலால் மேலே மெல்ல வருடினேன். குழந்தைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது போலத்தான். பழுக்காதது காம்பைப் பிடித்துக்கொண்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே பழுத்தது மட்டும் கைக்குள் உருண்டு விழுந்தது. இந்தச் செடி ஒரே நாளில் எல்லாம் தராது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துகொண்டே இருக்கும். அடுத்த கொத்து. அதற்கடுத்தது. எல்லாப் பழத்திலும் விடியற்காலைப் பனி போல வெண்மாவு. இரண்டு கையும் நிறைந்தது.

அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தலைவருக்கு முன்னால் கைக்குட்டையால் துடைத்தேன். கறுத்து மின்னியது. கிண்ணத்தில் இருந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

அவர் இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னும் நான்கு எடுத்துக்கொண்டார். அப்புறம் வாயைத் திறந்தார்.

“முழு உறுப்பினர். எழுதிக்கோங்க செயலாளரே.”

டேப் எழுதவில்லை. வாய் நிறையப் பழம். நாக்கை மடித்து, “இனிப்பாத்தான் இருக்கு” என்றார். பல் டாக்டர், “சார், பல்லைக் காட்டாதீங்க, நீலமா இருக்கு” என்று சொன்னதும் கமிட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். பரவாயில்லை.

ஜூலை 6

மகன் கிண்ணத்தோடு உட்கார்ந்து மெழுகு போன பழத்தையெல்லாம் தீர்த்துவிட்டான். கடைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பெருந்தன்மை.

ஜூலை 15

டேப் தானாக வந்தார். மச்சினருக்கு வேறு துண்டு கிடைத்துவிட்டதாம். “அவனுக்கும் உங்களை மாதிரி ரெண்டு செடி வைக்கணுமாம் மேடம். எப்படின்னு கொஞ்சம்...”

“முதல்ல அவர் பூவைக் கிள்ளிப் போடணும் சார். முதல் வருஷம் பழமே கிடையாது. முடியுமா அவரால?”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இலையெல்லாம் நெருப்பாய்ச் சிவந்து நிற்கிறது. நாற்றுப்பண்ணைக்குப் போய், பருவத்தின் கடைசியில் பழுக்கும் ரகத்தில் ஒரு செடி கேட்டேன். இலை நுனி, தண்டு, வேர் எல்லாம் பார்த்தேன். இரண்டைத் திருப்பிக் கொடுத்து மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

பண்ணைக்காரர் சாக்கில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “இது முழுசா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் மேடம். யாருக்கு வாங்கறீங்க, பேரப்பிள்ளைங்களுக்கா?”

“எனக்கு,” என்றேன். செடியைச் சாய்க்காமல் வண்டியில் நிமிர்த்தி வைக்கச் சொன்னேன்.