விளம்பரப் பலகையின் மேல் நான்கடி

அனுப்புநர்:
தையற்காரி,
கதவு எண் 14, மாடி வீடு,
கிழக்குக் குறுக்குத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சூரிய மின்தகடுகளை மறைக்கும் விளம்பரப் பலகையின் உயரத்தைக் குறைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அண்ணன், அண்ணியுடன் வசித்து, வீட்டிலேயே தையல் தொழில் செய்து வருகிறேன். அண்ணன் இருபத்தாறு ஆண்டுகள் வெல்டிங் பட்டறையில் உழைத்தவர். நுரையீரல் பழுதாகி, இப்போது ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையால் மூச்சு விடுகிறார். எங்கள் தெருவில் பகலில் மின்சாரம் நிற்காத நாள் குறைவு.

2. சென்ற ஏப்ரலில் மொட்டை மாடியில் ஆறு சூரிய மின்தகடுகளும் பேட்டரியும் பொருத்தினோம். மறுநாளே தெரு முழுக்க மின்சாரம் நின்றது. அண்ணனின் இயந்திரம் நிற்கவில்லை. அவர் சன்னல் வழியே வானத்தைப் பார்த்து, "வெயிலைத்தான் மூச்சா இழுத்துக்கிட்டு இருக்கேன், பாரேன்" என்றார்.

3. அதன்பின் வெயிலை வீணாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. விடிந்ததும் ஈரத்துணியால் தகடுகளைத் துடைக்கிறோம். தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், என் இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒருசேரப் போடாமல், உச்சி வெயில் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறோம். மாலைக்குள் பேட்டரி நிறைந்துவிடும். அது அண்ணனுக்கென்றே ஒதுக்கியது.

4. ஜூன் மாதம் தெற்குப் பக்கத்துக் கட்டிடத்தின் மேல் பன்னிரண்டடி உயர விளம்பரப் பலகை எழுந்தது. அப்போது சூரியன் தலைக்கு நேரே இருந்ததால் நிழல் எங்களை எட்டவில்லை. இப்போது சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டது. காலை பத்து முதல் இரண்டு வரை பலகையின் நிழல் தகடுகளின்மேல் படிகிறது. ஆறும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டு தகடுகள் மறைந்தாலே மற்ற நான்கும் சோர்ந்துவிடுகின்றன. ஐயா, பதினைந்து கோடி கிலோமீட்டர் தடையின்றி வந்த வெளிச்சம், கடைசி இருபதடியில் ஒரு தகரத்தில் முட்டி நிற்கிறது.

5. கடந்த வியாழன் பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. நிழலால் பேட்டரி நிறையாமல் இருந்தது. அரைமணியில் இயந்திரம் அபாய ஒலி எழுப்பி நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை நான் மாட்டுவதற்குள் அண்ணனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அண்ணி அவர் கையை விடவே இல்லை.

6. சனிக்கிழமை பலகைக்கு வண்ணம் பூச வந்தவர்கள் மேல் நான்கடித் தகரங்களை மட்டும் கழற்றி வைத்தார்கள். நான் தகடுகள் தரும் மின்சாரத்தைக் காட்டும் அளவுக் கருவி முன் நின்றிருந்தேன். 480 வாட்டில் கிடந்த எண் சில நொடிகளில் 1900 ஆனது. எத்தனை மாதம் பார்த்தும் பழகாத அதிசயம் அது; கை கூப்பிவிட்டேன். மாலையில் தகரங்களைத் திரும்பவும் மாட்டிவிட்டார்கள்.

7. கட்டிட உரிமையாளர் நல்லவர். "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. இந்த அளவுக்குத்தான் நகராட்சி அனுமதி குடுத்திருக்கு. குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தா நாளைக்கே இறக்கிடறேன்" என்றார்.

ஆகவே, அப்பலகையை அகற்ற வேண்டாம். மேல் நான்கடியை மட்டும் குறைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐயம் இருப்பின், வானம் தெளிந்த ஏதேனும் ஒரு நாள் முற்பகலில் தாங்களே எங்கள் மாடிக்கு வர வேண்டும். படி சற்றுச் செங்குத்து, கைப்பிடி உண்டு. அண்ணனால் ஏறி வந்து வரவேற்க இயலாது. அவருக்கும் சேர்த்து நானே வணங்கி வரவேற்பேன்.

நாள்: டிசம்பர் 9
இடம்: வீட்டு மொட்டை மாடி

தங்கள் ஒரு வரி உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையற்காரி, வெல்டரின் தங்கை