கடைசிப் பக்கத்துத் தேதிகள்

அருள்புரம்
19.1.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். என் போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்குக் கம்பெனி லீவு. வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் உன் புத்தகப் பெட்டி. பழைய பேப்பர்காரருக்கு நான் போட்டதுபோக மிச்சம் பதினாறு. போட்ட அன்றைக்குத்தானே நீ கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாய்.

சும்மா ஒன்றை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் உன் பென்சில் எழுத்து: "12.8.2016. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் முடித்தேன். நல்ல மழை." ஓவர்டைம் என்று உன்னை மூன்று மணி நேரம் காக்க வைத்தேனே, அந்த நாள். நீ சிரித்த முகமாகவே நின்றாய். எனக்காகச் சிரித்தாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் எல்லாவற்றையும் படிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ராமர்


அருள்புரம்
8.6.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

ஆறு புத்தகம் முடித்தாயிற்று. விரல் வைத்துத்தான் படிக்கிறேன். வீட்டுக்காரப் பொன்னாத்தாள் அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க ராமரு, அந்தப் புள்ள பொஸ்தகம் எடுத்தாலே எரிஞ்சு விழுவீங்க. இப்ப நீங்களே படிக்கறீங்களா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்றில் "ஆஸ்பத்திரி வராண்டா. அவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். அதை நாலைந்து தடவை படித்தேன்.

கடைசியாக நீ வாங்கிய நான்கில் மட்டும் தேதியே இல்லையே. படிக்கவில்லையா?

ராமர்


கோவில்பட்டி
27.6.2025

மதிப்பிற்குரிய ராமர் அவர்களுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி நலம்.

நான்கையும் படித்தேன். உங்கள் அக்கா வீட்டார் எல்லோரும் இருக்கும்போது, "படிச்சு கலெக்டராவா ஆகப் போற?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். ஒளித்துப் படித்ததற்குத் தேதி எதற்கு?

அனுசுயா


அருள்புரம்
21.12.2025

அனுசுயாவுக்கு,

ஆறு மாதமாகப் பதில் எழுதக் கை வரவில்லை. சொன்னது தப்பு. சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதுவும் தப்பு.

பதினாறும் முடிந்தது. உன் தேதிக்குக் கீழே என் தேதியைப் போட்டிருக்கிறேன். அந்த நான்கில் மட்டும் மேலே இடம் விட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் பஸ் பார்சலில் அனுப்புகிறேன். இனி இந்த வீட்டில் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை.

வந்துவிடேன்.

உன்,
ராமர்


கோவில்பட்டி
4.1.2026

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் வந்தது. அந்த நான்கிலும் நாள் நினைவில்லாததால் "படித்தேன்" என்று மட்டும் எழுதிவிட்டேன்.

போன வருஷம் இங்கே முப்பத்தொரு புத்தகம் படித்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் படித்தேன். அதனால் இப்போது வருவதாக இல்லை. கோபத்தில் சொல்லவில்லை.

நீங்கள் பதினோராவதாகப் படித்ததில், நிலத்தை விற்ற அண்ணனைப் பற்றி "இவன் செய்தது சரி" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரியே இல்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டானா? உங்களுக்கு எப்படிச் சரியாகப் பட்டது என்று விவரமாக எழுதுங்கள். நான் விடப்போவதில்லை.

அனு