அப்பாவோடு மதியச் சாப்பாடு, இரண்டு இருக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீஸில் ஒரு சின்னக் கூத்து. ஓர் அரங்கத்தின் முந்நூறு நிகழ்ச்சிகளை ஒரே பட்டியலாக அவர்களுடைய முன்பதிவு இணையதளத்தில் ஏற்றும் வேலை எனக்கு. சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, முதல் வரியில் பொய்யாக ஒரு நிகழ்ச்சியைப் போட்டுச் சோதிப்போம். நான் யோசிக்காமல், "அப்பாவோடு மதியச் சாப்பாடு, ஞாயிறு ஒரு மணி, இரண்டு இருக்கை" என்று அடித்தேன். அதை நீக்க மறந்து, மொத்தப் பட்டியலையும் ஏற்றிவிட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "யாரும்மா இந்த அப்பா? முந்நூறு நிகழ்ச்சியில இதுதான் முதல்ல நிரம்பியிருக்கு. இன்னும் பதினோரு பேர் இடம் கேட்டுக் காத்திருக்காங்க."

நல்லவேளை, திட்டவில்லை. எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு அந்த வரியை அழித்தேன். ஒருவர் மட்டும், "அடுத்த ஞாயிறு உண்டா?" என்று கேட்டிருந்தார்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். ஞாயிறு சாப்பிட உட்காரும்போது போனைச் சொம்பில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுங்கள். பேசக்கூட வேண்டாம், சாப்பிட்டால் போதும்.

அடுத்த பட்டியல் வந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்

இரண்டு இருக்கைதான். சித்தப்பாவைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.