ஒற்றை நட்சத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் இங்கே சுகம். உங்கள் முட்டி வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் வந்ததே என்று பதறாதீர்கள், கெட்ட செய்தி எதுவும் இல்லை. நீங்கள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்று அண்ணன் சொன்னான். இது அம்மாவிடம் சொல்லி அனுப்புகிற விஷயமும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கடை நன்றாக நடக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தையல் கடை வைக்கிறேன் என்று நான் சொன்ன அன்று, "இவ்வளவு படிச்சுட்டு ஊரார் கிழிசலைத் தைக்கப் போறியா?" என்று கேட்டீர்கள். அதன் பிறகு இரண்டு வருஷமாகப் போனில் நமக்குள் இருக்கிற பேச்சு, "நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட தர்றேன்." அவ்வளவுதான். நானும் உங்கள் மகள் இல்லையா, முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆனாலும் சொல்கிறேன். மூன்றாவது இயந்திரம் வாங்கியாகிவிட்டது. என்னோடு வேலை செய்பவரைப் பொத்தான் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், பொத்தான் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் கடை திறப்பதற்குள் ஜிப் போன பையோடும் நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டையோடும் இரண்டு பேராவது நிற்கிறார்கள். சுவரில் விதிமுறைப் பலகை ஒன்றும் மாட்டியிருக்கிறேன். துவைக்காத துணியைக் கொண்டு வரக் கூடாது. நின்றுகொண்டே அவசரப்படுத்தக் கூடாது. "சின்ன வேலைதானே" என்று சொல்லவே கூடாது. உங்கள் மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "இது கடையா, ஜெயிலா?" என்று கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையை இணையத்தில் போட்டிருக்கிறோம். துணியை வாங்கிப் போகிறவர்கள் அதில் நட்சத்திரம் கொடுப்பார்கள். கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தொரு பேர் ஐந்து ஐந்தாகக் கொடுத்திருந்தார்கள். போன மாதம் நாற்பத்திரண்டாவது ஆள் வந்து ஒன்றே ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். காரணம் எழுதவில்லை. பெயருக்குப் பதில் ஏதோ எண்கள், முகத்துக்குப் பதில் ஒரு கறுப்புக் குடை.

எனக்கு வந்த கோபத்தை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். "விடும்மா, போறவங்க வர்றவங்க எதையாவது சொல்லத்தான் செய்வாங்க" என்றார் பொத்தான் அக்கா. நான் விடவில்லை. எதிரில் நின்று பல்லைக் காட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனைத் தொட்டதும் வேறு ஆளாகிவிடுகிறார்கள் என்று அன்று முழுக்க அவர் காது புளிக்கப் புலம்பினேன். பிறகு ஊரே படிக்கும்படி அந்த நட்சத்திரத்துக்குக் கீழே பதில் எழுதினேன். முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாத ஆள் கொடுக்கிற மதிப்பெண் என் கடைக்குத் தேவையில்லை என்று. எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வேறு செய்தேன், அப்பா.

அதோடும் நிற்கவில்லை. நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது, கூடவே விதிகளும். போட்டிக் கடைக்காரரும் உரிமையாளரின் குடும்பத்தாரும் மதிப்பெண் போடக் கூடாதாம். குடைக்காரர் நிச்சயம் போட்டிக் கடைக்காரர்தான், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அவர் வேறு எங்கெல்லாம் நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று போன வாரம் தேடினேன்.

எல்லாம் நீங்கள் அண்ணனோடு இருக்கும் ஊரில். முட்டி வைத்தியருக்கு ஒன்று. நடைப்பயிற்சிப் பூங்காவுக்கு ஒன்று. முடி வெட்டும் கடைக்கு இரண்டு. ஒரு கையெழுத்துக்காக உங்களை மூன்று தடவை அலையவிட்ட அலுவலகத்துக்கு ஐந்து. "டம்ளர் கழுவின தண்ணி" என்று நீங்கள் திட்டுகிற டீக்கடைக்கும் ஐந்து. குடைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடியில் நான் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்த உங்கள் குடை.

மரக் கிடங்கில் முப்பது வருஷம் சாக்கட்டியும் கையுமாக நின்றவர் நீங்கள். முதல் தரமான கட்டையில் ஒன்று என்று எழுதுவீர்கள், விறகுக்குப் போவதில் ஐந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கட்டைகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். எனக்கே தெரியாமல் போய்விட்டதே! நட்சத்திரம் வந்த தேதியையும் பார்த்தேன். அம்மா அனுப்பிய உங்கள் பழைய கோட்டில் முழங்கைக் கிழிசலைச் சரிசெய்து நான் திருப்பி அனுப்பினேன் அல்லவா, அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்த மறுநாள்.

இரண்டு வருஷம் கழித்து நீங்கள் என் கடையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதைத்தான் நான் நடுத்தெருவில் வைத்துக் கிழித்திருக்கிறேன். "யாரோ என்னமோ எழுதிட்டாங்களாம், அதுக்கப்புறம் போனையே தொடமாட்டேங்கிறார்" என்று அம்மா சொன்னபோது, அந்த யாரோ நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அப்பா. அழுதுகொண்டே எழுதுகிறேன், ஆனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

இணையத்தில் எல்லோரும் ஐந்தைத்தான் உச்சம் என்று வைத்திருக்கிறார்கள். வைத்தியருக்குக் கொடுத்ததை மட்டும் அண்ணனிடம் சொல்லி மாற்றிவிடுங்கள், பாவம் மனிதர். டீக்கடைக்காரர் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும். எனக்குக் கொடுத்ததில் கை வைக்காதீர்கள். என் அப்பா போட்டது என்று ஒரு வரி எழுதினால் விதிப்படி உடனே எடுத்துவிடுவார்கள். நான் எழுதப் போவதில்லை. என் பதிலை அழித்துவிட்டு, 'மிக்க நன்றி ஐயா' என்று போட்டிருக்கிறேன். ஒற்றை நட்சத்திரத்துக்கு நன்றி சொல்கிற கடைக்காரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார்.

முட்டி வலி குறைந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருமுறை வாருங்கள். படி இரண்டுதான், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. நானும் நாள் முழுக்கச் சாக்கட்டியும் கையுமாகத்தான் நிற்கிறேன், வேண்டிய நிறத்தில் தருகிறேன். கடைக்கதவு மரம்தான். தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, கடையையும் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தோன்றுகிற எண்ணை அதில் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் துடைக்க மாட்டேன்.

உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் மகள்.

போனை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.