ஒளித்து வைத்த சீட்டுகள்

திராய்மடு,
மட்டக்களப்பு.
23.05.2010

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தங்கை றஜனி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஏறாவூர் மஜீட் கொண்டுவருகிறார். லீவில் வந்து நின்றவர், புதன்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். உங்களுடைய அறையிலேயே இருக்கிறவர் என்பதால் அவரிடம் கொடுக்கிறேன். தபாலில் போட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, வேலை இல்லாத நாளில், நீங்கள் சாப்பிட்ட பிறகு தரும்படி சொல்லியிருக்கிறேன். அவருக்கு விடயம் தெரியும். வாசித்து முடிக்கும்வரை அவர் பக்கத்தில் இருக்கட்டும், அண்ணா. எழும்பிப் போகச் சொல்ல வேண்டாம்.

மச்சாள் பிரசர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். போன மாரியில் ஒழுகிய குசினிக் கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று. என்னுடைய பாலர் பாடசாலையில் இந்த வருடம் இருபத்தாறு பிள்ளைகள். வாவியில் இப்போது றால் நன்றாகப் படுகிறதாம். நீங்கள் இங்கே இருந்தால் வீட்டில் நிற்க மாட்டீர்கள்.

போன மாதம் போனில், கம்பனி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டக் கேட்கிறது என்று சொன்னீர்கள். மகன் ஜொய்சன் தடுப்பு முகாமில் இருந்து வந்தவுடன் அவனை வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டும், அதற்காகவே நிற்கப்போகிறேன், ஆனி முதலாம் திகதி கையெழுத்து என்றீர்கள். நான் மூன்று தடவை சொல்ல வாய் எடுத்தேன். நீங்கள் அவனுடைய சப்பாத்து அளவைக் கேட்டீர்கள். பதினாறு வயதில் ஏழு போட்டவனுக்கு இருபது வயதில் எத்தனை வரும் என்று கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று நான் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் இருந்து எழுதினால்தான் என்னால் எழுதி முடிக்க முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலேனாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுனாமியில் கடல் வந்து நாவலடியில் ஒன்றும் மிஞ்சாமல், நாங்கள் பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தபோது இத்தாலியில் இருந்து வந்த பிள்ளை. பெண்களைக் கூட்டி வைத்துக் கதைக்க விடுவாள். நான் மொழிபெயர்ப்பேன். அவளிடம் டாரட் சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. எழுபத்தெட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு படம். அவளுடைய ஊரில் அதை வைத்துக் குறி சொல்கிறவர்களும் உண்டாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, படத்தில் என்ன தெரிகிறது, உன் வீட்டில் இது யார் என்று கேட்பாள். பிறகு இரண்டு கேள்வி: இந்த வீட்டில் உனக்குரிய வேலை எது? உனக்குரியது அல்லாத எதை நீ தூக்கி வைத்திருக்கிறாய்?

படம் என்றால் சனம் கதைக்கிறது, அண்ணா. சாறி விற்க வருகிற ஏறாவூர் ஆயிஷா உம்மா ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தவர், சீட்டு எடுத்தார். பத்துத் தடியை ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து போகிற ஆள். ‘இது நான்தான் புள்ள, ஆனா என்ட தலையில பதினொண்ணு’ என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார். தன் ஐந்து தம்பிமாரின் குடும்பத்தையும் தானே பார்க்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் தனக்குத் தோன்றியது என்று பின்னொரு நாள் சொன்னார்.

எலேனா போகும்போது சீட்டுக்கட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். திராய்மடுவுக்கு வந்த பிறகும் புதன்கிழமைகளில் பொதுமண்டபத்தில் நான் பெண்களோடு இருந்து கதைத்தேன். மச்சாள் மட்டும் ஒருநாளும் வரவில்லை. கடலுக்குக் கொடுத்த மகள் தனுஷாவைப் பற்றி அவர் யாரோடும் கதைப்பதில்லை. அது உங்களுக்குத் தெரியும். மணலுக்குள் இருந்து அவளை நீங்கள்தானே எடுத்தீர்கள்.

பிறகு ஜொய்சன் போனான். பனிச்சங்கேணியில் பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அவனை நான்தான் கூட்டிப்போனேன். முடிந்த அன்றே திரும்ப இருந்தோம். பெரியம்மாவின் பேரன்மாரோடு மீன் பிடிக்க இன்னும் இரண்டு நாள் நிற்கிறேன் என்று கெஞ்சினான். சரி என்று விட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் அவனோடு சேர்த்து மூன்று பொடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் அப்போது கட்டாரில் ஏழாவது மாதம். நான் நின்றிருந்தால் இப்படி நடந்திராது என்று போனில் உங்களையே திட்டிக்கொண்டீர்கள். மச்சாள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூட.

போன வருடம் வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் காட்டினார்கள். மச்சாள் ஐந்து நாள் தேத்தண்ணி மட்டும் குடித்துக்கொண்டு இருந்தார். ஆறாம் நாள் பின்னேரம் என் முன்னால் வந்து இருந்தார். ‘அந்தச் சீட்டக் கொண்டுவா றஜனி. என்ட புள்ள இரிக்கானா இல்லையா எண்டு பாத்துச் சொல்லு’ என்றார். இது அதற்கான சீட்டு இல்லை மச்சாள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தானே கையை நீட்டி ஒன்றை எடுத்தார்.

ஒரு தோணி. பின்னால் ஒருவன் நின்று கம்பு ஊன்றுகிறான். முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் முதுகு காட்டி இருக்கிறார்கள். மச்சாள் அதை நெடுநேரம் பார்த்தார். ‘இந்தப் புள்ள வருதா, போகுதா?’ என்று கேட்டார்.

நான் ‘வருது’ என்றேன்.

அன்றைக்கு மச்சாள் சோறு தின்றார், அண்ணா. ஐந்து நாளைக்குப் பிறகு. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சோற்றைப் பார்த்தபின் நான் எப்படி அந்தச் சொல்லைத் திருப்பி எடுப்பேன்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் ஒரு சீட்டு எடுப்பார். எனக்குப் பயம். குதிரையில் எலும்புக்கூடு வருகிற சீட்டை எடுத்து ஒளித்தேன். முதுகில் பத்து வாளோடு குப்புறக் கிடக்கிறவனை ஒளித்தேன். இடி விழுந்து கோபுரத்தில் இருந்து ஆட்கள் விழுகிற படத்தையும் ஒளித்தேன். ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டுப் பாலர் பாடசாலை அலுமாரியில் வைத்தேன். கடைசியில் நல்ல படங்கள் மட்டும் மிஞ்சின. எதை எடுத்தாலும் சூரியன், பூ, பிள்ளைகள். மச்சாள் ஜொய்சனுடைய போட்டோவைக் கொண்டு வெலிக்கந்தைக்கும் வவுனியாவுக்கும் போய் முகாம் வாசல்களில் நின்றார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் இல்லை என்றார்கள். பட்டியலில் பேர் விட்டுப்போயிருக்கும் என்று நான்தான் சொன்னேன். அதை நம்பியே நீங்களும் அங்கே வெயிலில் நிற்கிறீர்கள்.

இந்த மாசியில் பாலர் பாடசாலைக்கு ஒரு பொடியன் என்னைத் தேடி வந்தான். பேர் உதயரூபன், கரடியனாறு. வட்டை வயலில் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு வந்தவன், காலில் சேறுகூடச் சரியாகக் கழுவப்படவில்லை. இடது கை மணிக்கட்டோடு இல்லை. முகாமில் இருந்து தன்னை விட்டு மூன்று கிழமை என்றான். பிள்ளைகள் போகும்வரை மரத்தடியில் நின்றான். பிறகு சொன்னான்.

அண்ணா, ஜொய்சன் இல்லை. போன வருடம் சித்திரை மாதம், புதுமாத்தளனில். இரண்டு பேரும் ஒரே பங்கரில் இருந்தவர்களாம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்தது. அரை மணித்தியாலம் உயிர் இருந்தது. கதைத்தான். வலி பெரிதாகத் தெரியவில்லை என்று உதயரூபன் சொல்கிறான். அதை நான் நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள். கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே, இவனும் இன்னொருவனும் குழி வெட்டி, ஒரு சாரத் துணியில் சுற்றி வைத்தார்கள். வேதக்காரப் பிள்ளை என்று தெரிந்து இரண்டு தடியைச் சிலுவையாகக் கட்டி நட்டிருக்கிறார்கள்.

கடைசியில் இவனிடம் சொன்னானாம்: ‘எங்கட மாமிட்டச் சொல்லு. அம்மாக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு மாமிக்குத் தெரியும்.’

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. பதினொரு கிழமை நான் சொல்லவில்லை. பதினொரு ஞாயிறு மச்சாள் என் முன்னால் இருந்து சீட்டு எடுத்தார். பதினொரு தடவையும் நான் ‘நல்லதுதான் மச்சாள்’ என்றேன். அவரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உங்களோடு கதைத்து லைன் சரியில்லை என்று வைத்த மறுநாள், பிள்ளைகள் போனபின், அலுமாரியில் இருந்த சீட்டுகளையும் எடுத்துக் கட்டோடு சேர்த்துக் கலைத்தேன். எலேனா போனபின் எனக்கென்று நான் சீட்டு எடுத்ததே இல்லை. அன்றைக்கு எடுத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பெண், நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாளைப் பிடித்தபடி இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கடல். உனக்குரியது அல்லாத எதைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று என்னையே கேட்டேன். பெற்றவள் அழ வேண்டிய அழுகையைத்தான் நான் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை?

அன்று பின்னேரமே சொன்னேன். மச்சாள் கிணற்றடியில் இருந்து றால் உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி இருந்து, உதயரூபன் சொன்ன அத்தனையையும் சொன்னேன். அவருடைய கை நிற்கவில்லை. சட்டியில் இருந்த கடைசி றால்வரை உடைத்தார். கையைக் கழுவினார். ‘உனக்கு எப்ப தெரியும்?’ என்று கேட்டார். மாசியில் என்றேன். ‘அதுக்கு முன்ன சீட்டில பாத்ததெல்லாம்?’ என்று கேட்டார். கெட்ட படங்களை ஒளித்து வைத்ததையும் சொன்னேன்.

அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘ஒரு வருசமா உசிரோட இரிக்கிறவனுக்கெண்டு மெழுகுதிரி கொளுத்தினன். செத்த புள்ளைக்கு ஒரு பூசை இல்ல. பனிச்சங்கேணியில விட்டுட்டு வந்தத்துக்கு உன்ன நான் ஒண்ணும் கேக்கல்ல. இதுக்குக் கேப்பன் றஜனி. சாகுமட்டும் கேப்பன்.’

பிறகு பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைப்பார். நான் தின்றேனா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். அவ்வளவுதான். சத்தம் போட்டு அழவும் இல்லை. புதன்கிழமைக் கூட்டத்தை நான் நிறுத்திவிட்டேன். அந்தச் சீட்டுகளாலேயே இவ்வளவும் வந்தது என்று ஆயிஷா உம்மாவிடம் சொன்னேன். ‘படம் என்ன செஞ்சது மகள்? நீதானே செஞ்சாய்’ என்றார். திட்டவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். மஜீட் நாளைக்குப் பயணம் சொல்ல வருவார் என்று அவரே எனக்குச் செய்தி சொன்னவர்.

பதினோராம் நாள் மச்சாள் அந்தப் பொடியனைக் கூட்டிவரச் சொன்னார். உதயரூபன் தாயோடு வந்தான். மச்சாள் அவனைக் கதிரையில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை பசியோடு இருந்தானா? முடி வெட்டியிருந்தானா? கண்ணை யார் மூடியது? தலையை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? உதயரூபன் எதையும் மறைக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்தான், கண்ணை நான்தான் மூடினேன், தலை கடல் பக்கம் என்றான். மச்சாள் எழும்பிப் போய்ச் சோறு போட்டு, றால் கறி ஊற்றி, அவனுக்கு ஒரு கைதான் என்று பார்த்துச் சோற்றுக் கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அவன் தின்னத் தொடங்கினான். அப்போதுதான் மச்சாள் அழுதார். அந்தத் தாய் வந்து கட்டிப்பிடித்தார். நான் வாசலில் நின்றேன்.

பூசைக்குப் பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னோம். அடுத்த ஞாயிறே வைக்கலாம் என்றார். மச்சாள் மறுத்துவிட்டார். தகப்பன் நிற்காமல் பிள்ளையின் பேரை வாசிக்க விட மாட்டாராம். தனுஷாவின் பூசையில் நீங்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். எனக்கு அது ஞாபகம் இல்லை. அவருக்கு இருக்கிறது.

அதனால் கேட்கிறேன், அந்தக் கையெழுத்தை வைக்க வேண்டாம். கம்பனியில் கேட்டால் மஜீட் உங்களுக்காகக் கதைப்பார். இரண்டு வருடம் நீங்கள் உழைக்கப்போவது யாருக்காக என்று நினைத்தீர்களோ, அவன் இல்லை. இருக்கிறவர் இங்கே இருக்கிறார். போனில் அவர் அழ மாட்டார். நீங்களும் அழ மாட்டீர்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. மன்னியுங்கள் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதைக் கேட்பதும் உங்கள் தலையில் இன்னொரு சுமையை வைப்பதுதான். நீங்கள் வந்தபின் என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. மச்சாளோடு கதையுங்கள்.

மச்சாள் குசினியில் நிற்கிறார். அண்ணாவுக்கு என்ன எழுத என்று இப்போது கேட்டேன். சொன்னார்: ‘கொழும்பில இருந்து பகல் பஸ்ஸில வரச் சொல்லு. இருட்டுப்பட முன்ன வந்துரச் சொல்லு. எனக்கு அவர்ட முகத்தப் பாக்கோணும்.’

ஆண்டவர் உங்கள் நெஞ்சுக்குத் தைரியம் தரட்டும், அண்ணா. வழியில் ஒரு குறையும் வராமல், நல்ல பகல் வெளிச்சத்தில் உங்களை எங்கள் வாசல் படலையடியில் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள் தங்கை,
றஜனி